குக்கரில் வெந்த கிருமிகள்

குளியலறைக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம் வந்தது. மகள் கார் சாவியைக் கையில் பிடித்தபடி கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு, இந்த மூன்று மாதத்தில் அப்பா சீட்டியடிப்பது இதுதான் முதல் தடவை.

சவரம் செய்யும்போது சீட்டியடிப்பது அவர் பழக்கம். ராகம் என்று ஒன்றும் கிடையாது. பம்பு ஓடுகிற மாதிரி ஒரே சுருதியில் போகும். அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட வீடுதான் இது. இன்று யாரும் பொத்தவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதய அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. வினை காலில் வந்தது. அடைப்பைச் சுற்றிப் புதுப்பாதை போடுவதற்காகக் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் சீழ் பிடித்தது. வீரியமான மருந்துகளை ஏற்றினார்கள். கால் ஆறியது, வயிறு போய்விட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. கெட்ட கிருமிகளோடு, குடலில் குடியிருந்த நல்ல கிருமிகளும் போய்ச் சேர்ந்தன. சாப்பிட்டது தங்கவில்லை. பிறகு சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

அப்போதுதான் இதய டாக்டரம்மா ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். தினமும் ஒரு பொட்டலம் பொடி. பாதிப் பேருக்கு அதில் உயிருள்ள நல்ல கிருமிகள் இருக்கும், மீதிப் பேருக்கு பார்க்க அதே மாதிரி வெறும் பொடி. யாருக்கு எது என்பது ஆய்வு முடிகிற வரை டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. நார்ச்சத்துள்ள சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் பொது.

சேரட்டுமா வேண்டாமா என்று அப்பா யோசிக்கவே இல்லை. காரணம் அவருடைய வேலை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர் ஆபரேட்டர். அங்கே பெரிய பெரிய தொட்டிகளில் காற்றை ஊதி ஊதி வளர்ப்பது கிருமிகளைத்தான். அழுக்கைத் தின்பது அவைதான். நுரையின் நிறத்தைப் பார்த்தே தொட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஏதாவது தொழிற்சாலை திருட்டுத்தனமாக பிளீச்சைத் திறந்துவிட்டால் தொட்டி செத்துப்போகும். அப்போது பக்கத்துத் தொட்டியிலிருந்து உயிருள்ள கசடை அள்ளி வந்து விதைப்பார்கள்.

"என் தொட்டிக்கு பிளீச் ஊத்திட்டாங்க. இப்ப விதைக்கணும். அவ்வளவுதானே டாக்டரம்மா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்டபோது, பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

அம்மாவும் அன்று தலையாட்டினாள்.

அம்மாவின் வேலையையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் ஓய்வு பெறும்வரை அவள் ஓர் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஆவியம்மா என்று பெயர். அவள் கையெழுத்தில்லாமல் ஒரு கத்தரிக்கோல்கூட வெளியே போகாது. கணவன் கிருமியை வளர்த்துச் சம்பளம் வாங்கினார், மனைவி கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கினாள். அந்த இரண்டு சம்பளத்தில் படித்து வளர்ந்த ஒரே மகள், டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அப்பா அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இன்று ஆஸ்பத்திரியில் முக்கியமான நாள். அப்பா வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டும். நிலையத்தில் புதுத் தொட்டி தயாராக நிற்கிறது, அடுத்த வாரம் விதைப்பு. அதைக் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து கூட நின்றவர் அவர். விதைக்கிற அன்று தான் அங்கே இல்லாவிட்டால் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார், தன்னை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மகள் சமையலறைக்குள் போனாள்.

அடுப்பில் குக்கர். மேடைமேல் கிழித்துக் காலியான பொட்டலம். பக்கத்தில் டம்ளரும் இல்லை, ஆறிய தண்ணீரும் இல்லை.

"பொடி எங்கேம்மா?"

"உள்ளே."

"எதுக்குள்ளே?"

அம்மா கரண்டியால் குக்கரைக் காட்டினாள். "கஞ்சியோட."

"அதை ஆறின தண்ணியிலதானே கலக்கச் சொன்னாங்க?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"முதல் நாள்லேர்ந்து."

குக்கர் விசிலடித்தது. உள்ளே அப்பாவும் சீட்டியை விடவில்லை.

அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டாள். ஒழுங்காக வேகாத ஒரு கருவி என்ன செய்யும் என்று தன் வேலையில் பார்த்தவள் அவள். புண் இப்போதுதான் மூடியிருக்கிறது, உள்ளே இதயத்தில் தையல் இருக்கிறது. உயிருள்ள கிருமியைத் தன் கையால் கலக்கி அந்த மனுஷனுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. அது ஏமாற்று வேலை. வேகவைத்துக் கொடுத்தால் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. கஞ்சி ஆறிய பிறகு பொடியைக் கலக்குகிறாள் என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

"வாராவாரம் நர்ஸ் போன் பண்ணிக் கேட்டாங்களே, அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"கொடுத்தீங்களான்னு கேட்டாங்க. கொடுத்தேன்னு சொன்னேன். வேகவெச்சீங்களான்னு யாரும் கேக்கல."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா இது என்று அடக்கிக்கொண்டாள்.

சிக்கல் என்னவென்றால், அப்பா தேறிவிட்டார். ஒன்றரை மாதமாகப் பசிக்கிறது, தூங்குகிறார், மாடிப்படி ஏறுகிறார். எல்லாம் பொடியின் மகிமை என்று நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன தடவை போனபோது டாக்டரம்மா சாதாரணமாக ஒரு வார்த்தை கேட்டிருந்தார். ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடுத்த முறை வருவார்கள், பொடி கலக்குவது பெரிய வேலையில்லை என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்குத் தைரியம் வரும் என்று. அப்பா அதை ஒரு மேடைப் பேச்சாகவே தயார் செய்து வைத்திருக்கிறார்.

"இன்னைக்குக் கையெழுத்தை வாங்கட்டும். நாளைக்கு நானே சொல்லிடறேன்," என்றாள் அம்மா.

"நாளைக்குள்ள அவர் ஊரெல்லாம் சொல்லிடுவாரும்மா. அவர் பேச்சை நம்பி நாலு பேர் மனசுல ஏத்திக்குவாங்க."

அம்மா அடுப்பைத் தணித்தாள்.

அப்பா வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பெல்ட் பழைய ஓட்டைக்கே திரும்பியிருந்தது. அதை அவர் மகளிடம் தொட்டுக் காட்டினார். பிறகு கஞ்சியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மாதமாகச் சொல்லும் அதே வசனத்தைச் சொன்னார்.

"நம்ம ஆளுங்க வேலையில இறங்கிட்டாங்க."

அம்மா தலையாட்டினாள். கண் மட்டும் சுவரில் இருந்தது.

*

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் எங்கேயாவது போய் முட்டுவதற்கு முன்னால், கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக.

அப்பா பின் இருக்கையில், நெஞ்சில் தலையணையை அணைத்தபடி உட்கார்ந்தார். இருமினாலும் குலுங்கினாலும் எலும்பு வலிக்காமல் இருக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பழக்கம். இப்போது தேவையே இல்லை. ஆனாலும் விடவில்லை. அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, காலை உள்ளே இழுத்து வெச்சுக்கோ," என்றாள் மகள். ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான்.

கூரையில் பயிற்சிப் பலகையோடு போகிற கார் என்பதால் பின்னால் வருகிறவர்கள் ஓர் இடைவெளி விட்டே வந்தார்கள். கடைகள் திறக்கிற நேரம். ஒரு டயர்க் கடைக்காரர் பழைய டயர்களை வெளியே உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"கேளுங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க. எல்லாருக்கும் வணக்கம். நான் தொட்டி ஆபரேட்டர்..."

"தொட்டின்னா என்ன தொட்டின்னு அவங்களுக்குத் தெரிய வேணாமாப்பா?" என்றாள் மகள், நேரத்தைக் கடத்த.

"அதைத்தான் சொல்ல வர்றேன் டீச்சர், குறுக்கே பேசாதே." தொட்டியையும் கசடையும் விளக்கினார். பிளீச்சை விளக்கினார். அறுவை சிகிச்சை முடிந்து தேறுகிறவர்களுக்குச் சாக்கடைக் கதை எவ்வளவு தெம்பு தரும் என்று யோசிக்கிற ஆள் அவர் இல்லை. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்தப் பொடி இல்லேன்னா நான் இல்ல. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா பொடி தானா வாய்க்குள்ள வந்து விழாது. ஒரு நாள் தவறாம, டாக்டர் சொன்ன மாதிரியே என் வீட்டுக்காரம்மா கலக்கிக் கொடுத்தாங்க. முதல் நன்றி அவங்களுக்குத்தான்..."

கார் குலுங்கி நின்றது.

பின்னால் ஒரு ஹாரன் அலறியது. டயர்க் கடைக்காரர் நிமிர்ந்து, பயிற்சிப் பலகையைப் பார்த்ததும் இதெல்லாம் சகஜம் என்று மறுபடி குனிந்துகொண்டார். அப்பா தலையணையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்ன டீச்சர், பூனையா?"

"நான் மிதிக்கலப்பா."

இரண்டு பேரும் அம்மாவின் காலைப் பார்த்தார்கள். அது பிரேக்கின் மேலேயே இருந்தது. விறைத்துப்போய் இருந்தது.

மகள் காரை ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது. அம்மா திரும்பவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்.

"நான் கலக்கிக் கொடுக்கல. குக்கர்ல கஞ்சியோட போட்டு வேகவெச்சுக் கொடுத்தேன். எல்லா நாளும். ஒரு கிருமிகூட உயிரோட உள்ளே போயிருக்காது."

அப்பா தலையணையோடு முன்னால் சாய்ந்தார்.

"எத்தனை விசில்?"

"மூணு."

"மூணு விசில்ல ஒண்ணும் மிஞ்சாது."

"மிஞ்சக் கூடாதுன்னுதான் மூணு."

தொழில்காரர்கள் இருவர் பேசிக்கொள்வது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவின் முகம் மாறியது. கண்ணாடியில் மகள் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் பேசிக்கொண்டே போகிறவனுக்கு, எல்லோரும் எப்போதோ எழுந்து போய்விட்டார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"தினமும் நம்ம ஆளுங்க வேலையில இறங்கிட்டாங்கன்னு சொல்லுவேன். நீ தலையாட்டுவே. உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கற நிலைமையிலயா நான் இருந்தேன்?" இப்போதுதான் அம்மா திரும்பினாள். "கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்துட்டிருந்த மனுஷன், அந்தக் கஞ்சியை எடுத்து வாயில வெச்சீங்க. பொடிக்காகச் சாப்ட்டீங்களோ, பசிச்சுச் சாப்ட்டீங்களோ, உள்ளே போச்சு. உண்மையைச் சொன்னா அதையும் நிறுத்திடுவீங்களோன்னு பயம். கிருமின்னாலும் பயம், உங்களை நினைச்சாலும் பயம். நான் என்ன பண்ணட்டும்?"

டயர்க் கடையில் காற்று நிரப்புகிற சத்தம் கேட்டது. அப்பா தலையணையைப் பக்கத்தில் வைத்தார்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். தன்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் கையெழுத்து ஆகிற வரை டாக்டரிடம் சொல்ல வேண்டாம். ஆய்விலிருந்து எடுத்துவிட்டால்? கோபத்தில் இன்னும் ஒரு மாதம் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டால்? புதுத் தொட்டி காத்திருக்குமா?

அந்தக் கடைசிக் கேள்வி எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தைத்தது. அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். முடிவு அவருடையது என்று மகள் குறுக்கிடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான் திருப்ப வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கை வைக்கக் கூடாது என்பது அவள் தினமும் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"தப்பான ரீடிங்குன்னு தெரிஞ்சே எழுதிட்டு, அதை வெச்சு நான் ஒரு நாளும் தொட்டியை ஓட்டினதில்ல," என்றார் அப்பா. "தொட்டி போனாலும் போகட்டும். டாக்டரம்மாகிட்ட சொல்லிடுவோம். நான் சொல்லட்டுமா?"

"வேகவெச்சது நான். நானே சொல்றேன்," என்றாள் அம்மா.

மகள் வண்டியை எடுத்தாள். அம்மா காலைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரியில் முதலில் நடைப் பரிசோதனை. நீளமான தாழ்வாரத்தின் இரண்டு கோடியிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்திருந்தார்கள். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று நர்ஸ் கடிகாரத்தோடு நிற்பார். போன மாதம் நடுவில் இரண்டு தடவை நின்று சுவரைப் பிடித்தார் அப்பா.

இன்று சுவர் பக்கம் போகவே இல்லை. கூம்பைச் சுற்றித் திரும்புகிற வேகத்தைப் பார்த்து, மெதுவா, மெதுவா என்று நர்ஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது. கோபத்தில் நடக்கிறாரோ என்று மகளுக்கு ஒரு சந்தேகம். கோபத்தில் நடந்தாலும் தூரம் தூரம்தான்.

டாக்டரம்மாவின் அறை சின்னது. மேஜைமேல் பிளாஸ்டிக் இதயம் ஒன்று இரண்டாகப் பிரித்துக் கிடந்தது. அம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே, வேலையில் இருந்தபோது மேலதிகாரியிடம் விவரம் சொல்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். என்ன செய்தாள், ஏன் செய்தாள், எவ்வளவு நேரம் வெந்தது. மன்னிப்பை மட்டும் கடைசியில் ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க பயந்ததுல அர்த்தம் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். உடம்புல எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு இதை நாங்களே கொடுக்கறதில்ல. இவருக்கும் டியூப் எல்லாம் எடுத்து, புண் மூடின பிறகுதான் ஆரம்பிச்சோம். ஆனா அந்தப் பயத்தை என்கிட்ட சொல்லியிருக்கணும்மா. சொல்லியிருந்தா அன்னைக்கே உக்காந்து பேசியிருப்போம்."

"ஆமா டாக்டரம்மா."

"அப்ப என்னை ஆய்விலேர்ந்து எடுத்துடுவீங்களா?" அப்பா கேட்டார்.

அப்படி யாரையும் எடுப்பதில்லை என்று விளக்கினார் டாக்டரம்மா. சொன்னபடி சாப்பிட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவிட்டால் ஆய்வு தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். எந்தக் குழுவில் பெயர் விழுந்ததோ அந்தக் குழுவிலேயே அவர் இருப்பார். நடந்தது நடந்தபடி பதிவாகும். மிச்சமிருக்கிற நாளுக்கு ஆறிய தண்ணீர்.

"அப்ப நான் எப்படித்தான் எழுந்து உக்காந்தேன்?"

"தெரியாது," என்றார் டாக்டரம்மா.

இவ்வளவு படித்த ஒருவர் அந்த வார்த்தையை இவ்வளவு எளிதாகச் சொல்வார் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா விரல் மடக்காமல், யோசித்து யோசித்துச் சொன்னார். வீரியமான மருந்தை நிறுத்தியதே பாதி காரணமாக இருக்கலாம். நாள் போகப் போகப் பலருக்குக் குடல் தானாகத் தேறும். அம்மா தினமும் போட்ட ஓட்ஸும் பருப்பும் காய்கறியும், செத்தது போக உள்ளே மிஞ்சியிருந்த கிருமிகளுக்குத் தீனியாகியிருக்கலாம். தினமும் நடந்த நடை உதவியிருக்கலாம். செத்த கிருமிகூட ஏதோ கொஞ்சம் வேலை செய்யும் என்று சிலர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், முடிவாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

"அதோட, உங்க பொட்டலத்துல கிருமியே இல்லாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கும் தெரியாதுன்னுதான் முதல்லயே சொன்னேனே."

அம்மா இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் இத்தனை நாள் வெறும் மாவையா வேகவெச்சேன்?"

"இருக்கலாம்மா."

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று மகள் தலையணையைத் தேடினாள். இருமல் இல்லை. வெறும் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆவியம்மா," என்றார், மனைவியைப் பார்த்து. ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த அந்தப் பெயரை அவர் சொல்லி மகள் கேட்டதில்லை. "இல்லாத கிருமிக்கு மூணு விசிலா?"

அம்மாவுக்கும் உதடு கோணியது. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெஞ்சுத் தழும்பைப் பார்த்தார், கால் தழும்பைப் பார்த்தார், எடையையும் ரத்தப் பரிசோதனையையும் நடைப் பரிசோதனையையும் பார்த்தார். அப்பாவின் கை பெல்ட்டைத் தடவியது.

"பொடிக்காக நான் கையெழுத்துப் போடறதில்ல. நீங்க நடந்த நடைக்குப் போடறேன்."

போட்டார். கூடவே நிபந்தனைகளும் சொன்னார். பாரம் தூக்கக் கூடாது. தொட்டிக்கு மேலே இருக்கிற நடைபாதையில் இப்போதைக்கு ஏறக் கூடாது, கீழே நின்று வேலை சொல்லலாம். தொட்டிப் பக்கம் இருக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

"முகக்கவசம் நான் பாத்துக்கறேன்," என்றாள் அம்மா.

"அதையும் வேகவெச்சா?" என்றார் அப்பா.

புதிதாகச் சேர்ந்து, பொடி ஆரம்பித்துச் சில நாளே ஆனவர்கள் பக்கத்துக் கூடத்தில் காத்திருந்தார்கள். ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். அப்பா கதவு வரை போய் நின்றுவிட்டார். கலக்குவது பெரிய வேலையில்லை என்று தன்னால் இனிமேல் சொல்ல முடியாது, அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவள் இவள்தான் என்று மனைவியை முன்னால் விட்டார். டாக்டரம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சரி என்பது போல் நகர்ந்து வழிவிட்டார்.

அம்மாவுக்குப் பேச்சு வராது. வந்தவரை சொன்னாள். தான் என்ன வேலை பார்த்தவள், பொடியை என்ன செய்தாள் என்றாள். குக்கர் என்றதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"பயமா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. குக்கர்கிட்ட சொல்லாதீங்க," என்று முடித்தாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன், இளைத்துப்போய், சட்டைக்குள் தொலைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் மட்டும் பின்தங்கி வந்து அம்மாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று சொல்லவில்லை.

*

சாயங்காலம் அம்மா சமையலறையில் ஒரு டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். ஆற வைத்தாள். தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற வைத்தாள். குழந்தைக்குப் பால் பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். காலைப் பொட்டலம் வெந்து போய்விட்டதால், அதற்குப் பதிலாக ஒன்றை இன்றே கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

"டம்ளரை வேகவெச்சியா?" அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"டம்ளரை மட்டும்தான்."

பொட்டலத்தின் ஓரம் முதல் தடவை கிழிபடவில்லை, அவள் மறுபடி பிடித்தாள். அப்பா உதவிக்கு வரவில்லை. மகள் எழுந்தபோது அவளையும் கண்ணாலேயே உட்கார வைத்தார். பொடி தண்ணீரில் விழுந்து, கலங்கி, மறைந்தது. வாழ்நாளெல்லாம் கொன்றதைத் தன் கையால் உயிரோடு எடுத்து நீட்டினாள் அம்மா. அல்லது வெறும் மாவை நீட்டினாள். எதுவென்று யாருக்கும் தெரியாது. கை என்னவோ நீண்டது.

அப்பா ஒரே மூச்சில் குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணும் தெரியல."

"உள்ளே ஏதாவது பண்ணுதா?"

"விருந்தாளி வந்த உடனே பாத்திரம் கழுவச் சொல்லுவியா? முதல்ல உக்காரட்டும்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவர் கூடத்துக்குப் போனார். நிலையத்துக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வருகிறேன், கீழேதான் நிற்பேன், ஆனால் நிற்பேன் என்று சொல்வது கேட்டது. பொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி முடித்ததும் அந்தப் பம்புச் சீட்டி மறுபடி கிளம்பியது.

அம்மா இரவுச் சாப்பாட்டுக்குக் குக்கரை ஏற்றினாள். முதல் விசில் வந்தபோது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அம்மா, நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன்," என்றது ஒரு பெண்குரல். யாருக்கோ கேட்டுவிடும் என்று பயந்த குரல். "நீங்க பேசினதைக் கேட்டேன். நான் வேகவெக்கலம்மா. நான் பண்ணினது வேற. அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

இரண்டாவது விசில் கிளம்பப் போகிற நேரம். அம்மா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதறாதேம்மா," என்றாள். "முதல்லேர்ந்து சொல்லு."